புது கார்டு வாங்கும் முன் இரண்டாவது டேபைப் பாருங்கள்

போன வாரம் ஒரு அப்பாவும் மகனும் கடைக்கு வந்தார்கள். பையன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பையில் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு இருந்தன: ஒரு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஒரு ஜிடிஎக்ஸ் 1650. முதலாவது "போச்சு" என்று யாரோ சொல்லி, இரண்டாவதை வாங்கியிருக்கிறார்கள். அதைப் போட்ட பிறகும் அதே கதைதான். கேமைத் திறந்தால் திரை ஒரு நொடி கருப்பாகிறது, ஃபீச்சர் லெவல் 11.0 உள்ள கார்டு வேண்டும் என்று ஒரு பெட்டி வருகிறது, கேம் மூடிக்கொள்கிறது. "தம்பி, இதுவும் போயிடுச்சா?" என்று கேட்டார் அப்பா. கேட்கும்போது அவர் மகனைப் பார்க்கவில்லை.

இரண்டு கார்டும் நன்றாகத்தான் இருந்தன. இரண்டிலும் இதுவரை யாரும் மானிட்டரை இணைக்கவில்லை, அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். சிஸ்டம், ஏதோ ஆபீஸில் இருந்து கழித்துவிட்ட இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர் உள்ளது. மானிட்டரும் பழசு, விஜிஏ மட்டும்தான் உண்டு. புது கார்டில் அந்த நீல போர்ட் கிடையாது. ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் இருந்தே என்விடியா சிப்பில் அனலாக் வெளியீட்டை எடுத்துவிட்டார்கள். மாட்டிக் கொடுத்தவர் பார்த்திருக்கிறார், விஜிஏ ஒயர் எங்கே நுழைகிறதோ அங்கே செருகிவிட்டார், அதாவது மதர்போர்டில். படம் வரவில்லை. பயாஸுக்குள் போய் முதல் டிஸ்ப்ளேயை ஆன்போர்டுக்கு மாற்றியிருக்கிறார். படம் வந்துவிட்டது, காசு வாங்கிக்கொண்டார். கார்டின் ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. படம் வரைந்ததெல்லாம் பிராசசருக்குள் இருக்கும் 2011ஆம் ஆண்டு இன்டெல் எச்டி கிராஃபிக்ஸ். டைரக்ட்எக்ஸ் என்பது கேம் கார்டிடம் வேலை வாங்க விண்டோஸ் வைத்திருக்கும் வழி, ஃபீச்சர் லெவல் என்பது அதில் ஒரு கார்டு எட்டும் படி. இந்த இன்டெல் சிப் 10.1க்கு மேல் ஏறாது. டைரக்ட்எக்ஸ் 11 கேட்கும் கேம் அதில் எப்படித் திறக்கும்?

எச்டிஎம்ஐயில் இருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் சில நூறு ரூபாய். அதைக் கார்டில் செருகி, பயாஸில் மாற்றியதைத் திரும்ப மாற்றி, டிரைவர் போட்டேன். கேம் ஓடியது. இந்த மாதத்தில் இது நான்காவது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு உண்மையில் எரிச்சல் வருவது வேறொரு இடத்தில். விண்டோஸோடு வரும் டிஎக்ஸ்டயாக் என்ற சோதனைக் கருவியின் போட்டோ ஒன்றை அந்தப் பையன் போனில் காட்டினான். "அண்ணா, டிஎக்ஸ்டயாக்ல டைரக்ட்எக்ஸ் 12னு இருக்கே, அப்புறம் ஏன் 11 இல்லங்குது?" வருகிற ஆட்களில் பாதிப் பேர் இந்த போட்டோவோடுதான் வருகிறார்கள். தயவுசெய்து ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். டிஎக்ஸ்டயாக்கின் முதல் பக்கத்தில் இருக்கும் "டைரக்ட்எக்ஸ் 12" உங்கள் கார்டைப் பற்றியது அல்ல. அது விண்டோஸைப் பற்றியது. 2015இல் விண்டோஸ் 10 வந்ததில் இருந்து டைரக்ட்எக்ஸ் 12 அதோடு சேர்ந்தே வருகிறது. உங்களிடம் நேற்று வாங்கிய கார்டு இருந்தாலும் 12 என்றுதான் காட்டும், பதினைந்து வருடப் பழைய ஆன்போர்டு இருந்தாலும் 12 என்றுதான் காட்டும். வீட்டுக்கு த்ரீ பேஸ் லைன் வாங்கியிருக்கலாம். அதில் செருகியதால் டேபிள் ஃபேன் ஏசி ஆகிவிடாது. டைரக்ட்எக்ஸ் 12ஐத் தர முடியும் என்கிறது விண்டோஸ். வாங்கிக்கொள்ள கார்டுக்குத் தெம்பு இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

அந்த வேறு கேள்விக்குப் பதில் அதே ஜன்னலில், பக்கத்து டேபில் இருக்கிறது. விண்டோஸ் பட்டனையும் ஆரையும் சேர்த்து அழுத்தி, டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு எழுத்தை அடித்து என்டர் தட்டுங்கள். டிஸ்ப்ளே என்ற டேபுக்குப் போங்கள். இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, பெயர். அங்கே இன்டெல் என்று இருந்தால், நீங்கள் காசு போட்டு வாங்கிய கார்டு படம் வரையவில்லை, முடிந்தது விஷயம். இரண்டு, ஃபீச்சர் லெவல்ஸ் என்ற வரி. அதில் இருக்கும் மிகப் பெரிய எண்தான் உங்கள் நிஜமான கணக்கு. இந்தப் பையன் சிஸ்டத்தில் 10_1 என்று இருந்தது. கன்வெர்ட்டரைப் போட்டு கார்டுக்கு மாற்றியதும் 12_1. வேறு எதையும் தொடவில்லை.

லேப்டாப்காரர்களுக்குக் கேபிள் பிரச்சினை இல்லை, ஆனால் கேமிங் லேப்டாப் என்றால் உள்ளே பெரும்பாலும் பிராசசரோடு வரும் இன்டெல் ஒன்று, தனி கிராஃபிக்ஸ் ஒன்று என இரண்டு சிப் இருக்கும். பேட்டரியை மிச்சப்படுத்த விண்டோஸ் சில சமயம் கேமை இன்டெல் பக்கம் தள்ளிவிடும். அங்கே டேபில் இன்டெல் பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது இயல்பு. செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் கேமைச் சேர்த்து, ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுங்கள். சார்ஜரையும் செருகி வையுங்கள்.

ஃபார்மட் போட்டுவிட்டு வருபவர்கள் தனி ரகம். "எல்லாம் புதுசா போட்டாச்சு சார், அப்பவும் வரல." டிரைவர் போட்டீர்களா என்றால், "படம் வருதே?" என்பார்கள். டிரைவர் இல்லாவிட்டாலும் விண்டோஸ் ஒப்புக்கு ஒரு படம் காட்டும். டிவைஸ் மேனேஜரில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால் அதுதான் அர்த்தம். டிரைவரை என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளத்தில் இருந்து எடுங்கள். லேப்டாப் என்றால் அந்த லேப்டாப் கம்பெனியின் தளத்தையும் பாருங்கள். "டிரைவர் அப்டேட்டர்" என்று எதையாவது இறக்கினீர்கள் என்றால் அதை எடுக்கவும் என்னிடம்தான் வர வேண்டியிருக்கும்.

கேம் ஓடத் தேவையான துணை ஃபைலான டிஎல்எல்லையும் கண்ட தளத்தில் இருந்து இறக்கிப் போடாதீர்கள். பழைய கேம் டி3டிஎக்ஸ்9_43 காணவில்லை என்று சொன்னால், அது தேடுவது மைக்ரோசாஃப்ட் 2010 ஜூனில் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் ரன்டைம் தொகுப்பை. இலவசம். டைரக்ட்எக்ஸ் 12 என்று காட்டுகிறதே, 9 எதற்கு என்று கேட்காதீர்கள். அந்தப் பழைய துணை ஃபைல்கள் புது விண்டோஸோடு வருவதில்லை.

இன்னொன்று, மானிட்டர் "அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று காட்டிவிட்டுக் கருப்பாகும், பின்னால் கேம் சத்தம் மட்டும் கேட்கும். இதற்குக் கார்டைக் கழற்றுகிறார்கள்! மானிட்டரால் காட்ட முடியாத ரெசல்யூஷனையோ ரெஃப்ரெஷ் ரேட்டையோ கேம் கேட்கிறது, வேறொன்றும் இல்லை. ஆல்ட்டும் என்டரும் அழுத்தினால் பல கேம் சின்ன ஜன்னலுக்கு வந்துவிடும், அங்கே செட்டிங்கை மாற்றலாம். வரவில்லை என்றால் டாக்குமென்ட்ஸிலோ ஆப்டேட்டாவிலோ அந்த கேமின் கிராஃபிக்ஸ் செட்டிங் ஃபைல் இருக்கும். பெயரை மாற்றி வையுங்கள், கேம் புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும். சேவ் ஃபைலும் அதே ஃபோல்டரில் இருக்கலாம், மொத்தமாக அழித்துவிட்டு அழாதீர்கள்.

முதல் தடவை திறக்கும்போது ஷேடர், அதாவது படத்தின் ஒளி, நிறத்தைக் கார்டு கணக்கிடும் சின்ன புரோகிராம்கள், தயாராகச் சில கேம்கள் பல நிமிடம் எடுக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் இன்னும் அதிகம். மூன்றாவது நிமிடத்தில் டாஸ்க் மேனேஜரில் கொன்றுவிட்டால் அடுத்த முறை பல சமயம் மறுபடி முதலில் இருந்து.

சரி, கார்டு நிஜமாகவே போவதில்லையா? போகும். அதன் லட்சணம் வேறு. கோடுகளும் கட்டங்களும் கேமில் மட்டுமல்ல, பல சமயம் சிஸ்டத்தை ஆன் செய்ததும் வரும் பயாஸ் திரையிலேயே தெரியும். அப்போதும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து போனில் பாருங்கள். ஸ்க்ரீன்ஷாட் சுத்தமாக இருந்தால் முதலில் கேபிளையும் மானிட்டரையும் சந்தேகப்படுங்கள், அதிலும் கோடு இருந்தால் கார்டை. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது சிஸ்டம் பொத்தென்று அணைந்தால் நான் முதலில் பார்ப்பது எஸ்எம்பிஎஸ், அதாவது சிஸ்டத்துக்குக் கரண்ட் தரும் பெட்டி. கார்டு உட்காரும் மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு 6 பின், 8 பின் ஒயர் எதற்காக இருக்கிறது? பெட்டியில் 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய, கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் அதை மாட்டாதீர்கள்.

பெற்றோருக்கு ஒன்று மட்டும். பிள்ளை கார்டு போச்சு என்று சொன்னால் அவன் பொய் சொல்லவில்லை, யாரோ அவனிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அப்பா கடையை விட்டுப் போகும் வரை மகனிடம் பேசவே இல்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்புறம், என்னிடம் வருவதாக இருந்தால் கேபினெட்டை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். வீட்டில் ஒயர்கள் செருகியிருக்கும் பின்பக்கத்தை, எதையும் பிடுங்கும் முன் ஒரு போட்டோ எடுங்கள். மானிட்டர் ஒயரையும் கொண்டு வாருங்கள். இல்லையென்றால் இங்கே என் ஒயரை நான் சரியான இடத்தில்தான் செருகுவேன். கேம் அருமையாக ஓடும். வீட்டுக்குப் போய் நீங்கள் பழைய இடத்தில் செருகுவீர்கள், மறுபடி கருப்பாகும், ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் வரும்.