கிட்டார் மேதைகளின் புகழும் கடைசி மில்லிமீட்டரும்

அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழ் 2003-ல் உலகின் சிறந்த 100 கிட்டார் கலைஞர்களைப் பட்டியலிட்டபோது எட்டி வான் ஹேலனுக்குக் கிடைத்தது 70-ம் இடம். 2011-ல் அதே இதழில் அவருக்கு 8-ம் இடம். 2023-ல் 4-ம் இடம். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 1978-ம் ஆண்டு இசைத்தட்டில் இடையில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. கேட்டவர்களின் அளவுகோல்தான் மாறியது. அதனால், "யார் பெரியவர்?" என்ற சண்டைக்குள் இறங்குமுன் வேறொன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது: மின்கிட்டார் தானாகவே கொடுத்துவிடுவது எது, வாசிப்பவரின் கை உழைத்துச் சம்பாதிப்பது எது?

ஃப்ரெட் உள்ள கருவியில் சரியான சுருதி சும்மா கிடைக்கும். விரலை உலோகப் பட்டைக்குப் பின்னால் எங்கே அழுத்தினாலும் ஸ்வரம் ஏறக்குறைய சரியாகவே விழும். வேகத்திலும் பாதி சும்மா கிடைப்பதுதான். டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாகச் சிதைப்பது) ஏற்றிய ஆம்பில், அதாவது ஒலிபெருக்கியில், தந்தியை லேசாகத் தொட்டாலே சத்தம் வந்துவிடுவதால் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே மீட்ட வேண்டியதில்லை. ஆனால் ஃப்ரெட்டில் அழுத்திய தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றும் 'பெண்ட்' இருக்கிறதே, அங்கே கருவி கைவிட்டுவிடும். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் வாசிப்பவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும்.

ஓர் உதாரணத்தைக் கணக்குப் போட்டே பார்ப்போம். இரண்டாம் தந்தி, 8-ம் ஃப்ரெட்: ஜி ஸ்வரம், 392 ஹெர்ட்ஸ். அங்கேயே அழுத்தியபடி தந்தியைத் தள்ளி, 10-ம் ஃப்ரெட்டில் இருக்கும் ஏ ஸ்வரத்தை, அதாவது 440 ஹெர்ட்ஸை எட்ட வேண்டும். அதிர்வெண் 12 சதவீதம் ஏற வேண்டும். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் இழுவிசை 26 சதவீதம் கூட வேண்டும். 0.33 மில்லிமீட்டர் தடிமனுள்ள தந்தியில் சுமார் 7 கிலோவாக இருந்த இழுப்பு 8.8 கிலோ ஆகும். அதற்குத் தந்தி நீள்வது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் அந்த நீட்சியை வரவழைக்க விரல் பக்கவாட்டில் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நகர வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், விரல் நகரும் தூரமும் சுருதி ஏறும் அளவும் ஒரே வீதத்தில் போவதில்லை. நீட்சி, நகர்வின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். பாதித் தூரம் தள்ளினால் சுருதி பாதி ஏறாது. கால்வாசியைச் சற்றே தாண்டும். அரைத்தொனியை 100 சென்ட் என்று வைத்துக்கொண்டால், முதல் சில மில்லிமீட்டரில் மில்லிமீட்டருக்கு 5, 6 சென்ட்தான் ஏறும். போய்ச் சேரும் இடத்துக்குப் பக்கத்திலோ ஒரே மில்லிமீட்டர் கிட்டத்தட்ட 24 சென்ட். அந்த அளவு பிசகினால் பயிற்சி இல்லாத காதுக்குக்கூட ஏதோ கோணலாகப் படும். ஆக, விரல் அதிக பலத்தோடு தள்ளிக்கொண்டிருக்கும் அதே கணத்தில்தான் மிக நுட்பமாகவும் நிற்க வேண்டியிருக்கிறது. பெண்ட் கடினமானது என்பதன் முழு அர்த்தம் இதுதான்.

பழகுகிறவர்கள் செய்யும் முதல் தவறு ஒற்றை விரலால் தள்ளுவது. மோதிர விரலை அழுத்தும் ஃப்ரெட்டில் (இங்கே 8-ல்) வைத்து, நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதற்குப் பின்னால் அதே தந்தியில் ஊன்றி, கட்டைவிரலைக் கழுத்தின் மேல்விளிம்பில் கொக்கிபோல் மாட்டி, மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். விசை முன்கையிலிருந்து வரும். விரல்கள் பிடித்துக்கொள்ள மட்டுமே. முதலில் 10-ம் ஃப்ரெட்டை வாசித்து அந்தச் சுருதியைக் காதில் நிறுத்திக்கொண்டு, பிறகு 8-ல் அழுத்தித் தள்ளி, ட்யூனர் செயலியில் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது இலக்குக்குக் கீழேதான் நிற்கும்.

இந்த அளவுகோலை டேவிட் கில்மோர்மீது வைத்தால் அவர் புகழ் கொஞ்சமும் குறையாது. வேகமாக வாசிப்பவர் அல்ல என்பது அவர்மீது வழக்கமாகச் சொல்லப்படும் குறை. ஒரே தள்ளலில் ஒரு தொனியில் நின்று, அங்கிருந்து ஒன்றரைக்கோ இரண்டுக்கோ ஏறி, ஒவ்வொரு படியிலும் சுருதி பிசகாமல் நிற்கிறார் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் அந்த மனிதர். இரண்டு தொனி ஏற இழுவிசை 59 சதவீதம் கூட வேண்டும். வேகத்தை மெட்ரோனோம் வைத்து ஏற்றிக்கொண்டே போகலாம். இதற்குக் காதும் முன்கையும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும்.

ஸ்டீவி ரே வான் பற்றி ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டே இருக்கிறது: தடித்த தந்தி போட்டதால்தான் அந்த நாதம் வந்தது என்று. பலரும் 0.009 அங்குல முதல் தந்தி போட்ட காலத்தில் அவர் 0.013 அங்குலம் போட்டார் என்பது உண்மை. தந்தி தடித்தால் அதே பெண்டுக்குத் தள்ள வேண்டிய தூரம் மாறாது, ஏனென்றால் இழுவிசையும் தந்தியின் விறைப்பும் ஒரே அளவில் கூடுகின்றன. தேவைப்படும் பலம் மட்டும் இரு மடங்காகிறது. அவர் கிட்டாரை அரைத்தொனி இறக்கிச் சுருதி சேர்த்ததால் அந்தச் சுமையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. இசட்இசட் டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் 0.007 அங்குலத் தந்தியில் அதே அளவு கனமான நாதம் எடுக்கிறார் என்பதால் தந்தியைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. அவ்வளவு தடித்த தந்தியிலும் வான் சுருதி தப்பாமல் வளைத்தார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

மூன்று பட்டியலிலும் முதலிடம் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குத்தான். இடக்கைக்காரர், வலக்கைக்காரர்களுக்கான ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். இதனால் இரண்டு விஷயங்கள் மாறின. தந்திகள் கிட்டாரின் உடலில் வந்து அமரும் பாலத்துக்கு அருகே சாய்வாகப் பதித்த பிக்கப் (தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் பாகம்) எதிர்ப்பக்கம் சாய்ந்தது. தடித்த தந்திகளின் ஒலியைப் பாலத்துக்கு இன்னும் நெருக்கமாகவும், மெல்லிய தந்திகளின் ஒலியைச் சற்று விலகியும் அது எடுத்தது. கீழ் ஸ்தாயி கூர்மையானது, மேல் ஸ்தாயியின் கீச்சுத்தன்மை தணிந்தது. இரண்டாவது, தலைப்பகுதியில் மெல்லிய தந்திக்கான முறுக்காணி மிக அருகே வந்துவிட்டது. கழுத்தின் மேல்முனையில் தந்தி அமரும் நட்டுக்குப் பின்னால் வீணாக நீளும் பகுதி குறைந்ததால், அதே சுருதி ஏற்றத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளினால் போதும். இவையெல்லாம் கருவி கொடுத்தவை. ஒரு ஸ்ட்ராட்டைத் திருப்பிக் கட்டினால் யாருக்கும் கிடைக்கும்.

யாருக்கும் கிடைக்காதது அவருடைய ஃபீட்பேக். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, தலைமுடி அளவு மெல்லிய தாமிரக் கம்பியை ஏழெட்டாயிரம் சுற்றுச் சுற்றிய சுருள். எஃகுத் தந்தி ஆடும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். அது ஆம்பில் பெருகி ஸ்பீக்கர் வழியே ஒலியாகும். ஒலி போதிய பலத்தோடு திரும்பி வந்து தந்தியை அசைத்தால் வட்டம் முழுமையாகிவிடும். மீட்டாமலே ஸ்வரம் நிற்கும். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒரு சுற்றில் இழப்பதைவிடப் பெறுவது கூடுதலாக இருக்க வேண்டும். திரும்பி வரும் அலை தந்தியின் ஆட்டத்தோடு ஒத்த கட்டத்தில் வந்து சேர வேண்டும்.

இரண்டாம் நிபந்தனையை உடம்பின் நிலைதான் முடிவு செய்கிறது. 220 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 1.57 மீட்டர். வாசிப்பவர் ஆம்பிலிருந்து அதில் பாதி, அதாவது 78 சென்டிமீட்டர் விலகினால், தள்ளிவிட்டுக்கொண்டிருந்த அலை இப்போது தடுக்கத் தொடங்கும். 440 ஹெர்ட்ஸுக்கோ அதே தூரம் ஒரு முழு அலைநீளம். அதன் கட்டம் மாறாது. அடிப்படை ஸ்வரம் அடங்க, மேல் எட்டாம் ஸ்வரம் தலைதூக்கும். ஒரு தப்படி பின்னால் வைத்தால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி தாவிவிடலாம் என்பது இதனால்தான். 1969 ஆகஸ்ட் 18 காலை உட்ஸ்டாக் மேடையில் அமெரிக்க தேசிய கீதத்தை ஹெண்ட்ரிக்ஸ் வாசித்த பதிவைக் கேளுங்கள்: நீண்டு நிற்கும் ஸ்வரங்களை பாலத்தை அசைத்துச் சுருதி மாற்றும் ட்ரெமோலோ கம்பியால் கீழே இறக்குகிறார், வேண்டாத தந்திகளை அடக்கிவைக்கிறார், சரியான இடத்தில் மெட்டுக்குத் திரும்புகிறார். விபத்தாக வரும் ஊளையை ஸ்வரமாக்கிப் பிடித்து நிறுத்திய கை அது. முதலிடம் தகும் என்றே சொல்வோம்.

வீட்டில் முயல்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இனிமையாக நீளும் ஃபீட்பேக் வேறு, காதைக் கிழிக்கும் கீச்சு வேறு. ஆம்பைக் கூட்டியதும் சுருதிக்குச் சம்பந்தமில்லாத கீச்சு வந்து, தந்திகளை உள்ளங்கையால் மூடியும் நிற்காவிட்டால், பிக்கப் சுருளின் தளர்ந்த கம்பிகளே அதிர்கின்றன என்று பொருள். சுருளை மெழுகில் ஊறவைப்பார்கள். பாரஃபின் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. சுமார் 65 டிகிரி செல்சியஸில், குமிழிகள் வருவது நிற்கும்வரை. மெழுகை நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தே உருக்க வேண்டும். சூடு கூடினால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்து சுருளே அறுந்துபோகும்.

எரிக் கிளாப்டன் விஷயத்தில் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1966-ல் ஜான் மேயாலின் குழுவோடு பதிவு செய்தபோது லெஸ் பால் கிட்டாரை மார்ஷல் ஆம்பில் சொருகி, மேடையில் வைப்பதுபோலவே சத்தத்தைக் கூட்டிவைத்தார். வால்வு ஆம்பின் வெளியீட்டு வால்வுகள் எல்லையைத் தொட்டால்தான் அலையின் முகடுகள் வெட்டுப்படும். முகடு வெட்டுப்பட்டால் பெரிய ஒலியும் தேய்ந்துவரும் ஒலியும் ஒரே மட்டத்தில் கேட்கும். ஸ்வரம் வயலின்போல் நீளும். இன்று சிறிய பெடல் ஒன்று குறைந்த சத்தத்திலேயே இதைத் தந்துவிடுகிறது. அதனால்தான் இளைஞர்களுக்கு அந்தப் பதிவு சாதாரணமாகப் படுகிறது. அதன் பின்னால் வந்த பல பத்தாண்டுகளின் புகழ் அந்த ஆண்டின் வெளிச்சத்தில் நீடித்தது என்பது எங்கள் கருத்து.

ஜிம்மி பேஜ் மேடையில் பல இரவுகளில் தடுமாறியிருக்கிறார், பதிவுகளே சாட்சி. அவரைக் கை சுத்தத்தில் மதிப்பிட்டால் தோற்பார். மைக்கை ஆம்புக்கு ஒட்டி ஒன்றும் பல அடி தள்ளி ஒன்றும் வைத்து அறையின் ஆழத்தையே பதிவு செய்த தயாரிப்பாளர், கிட்டார்களை அடுக்கடுக்காகக் கட்டியவர் என்ற வகையில் லெட் செப்பெலினின் பெருமை அவருக்கே உரியது.

பிளாக் சப்பாத் குழுவின் டோனி அயோமியின் கதை இயற்பியல் பாடம் போன்றது. பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் 17 வயதில் வலக்கை இரு விரல்களின் நுனிகளை இழந்தார். இடக்கைக்காரர் என்பதால் ஃப்ரெட்டில் அழுத்துவது அந்தக் கைதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் தொப்பிகள் செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். பின்னர் கிட்டாரை மூன்று அரைத்தொனிகள் இறக்கினார். இழுவிசை 29 சதவீதம் குறையும். இரண்டு ஸ்வரங்கள் மட்டுமே உள்ள பவர் கார்டு டிஸ்டார்ஷனில் எப்படிப் பருக்கிறது என்று பாருங்கள்: 110, 165 ஹெர்ட்ஸ் சேர்ந்து ஒலித்தால், அவற்றின் வித்தியாசமான 55 ஹெர்ட்ஸும் ஆம்பில் பிறக்கிறது. வாசிக்காத கீழ் ஸ்தாயி அது, சுருதியோடு பொருந்தி வரும். 165-க்குப் பதில் 138.6 ஹெர்ட்ஸை, அதாவது மேஜர் மூன்றாம் ஸ்வரத்தைச் சேர்த்தால் பிறப்பது 28.6 ஹெர்ட்ஸ், அது எந்த ஸ்வரத்திலும் உட்காராது, ஒலி கலங்கும். கனத்த டிஸ்டார்ஷனில் முழுக் கார்டு சேறாகக் கேட்பது இதனால்தான். பிளாக் சப்பாத்தின் முழு ஒலியும் இந்த எளிய விகிதத்தின்மேல் நிற்கிறது. பட்டியல்களில் அவருக்கு இன்னும் மேலே இடம் தர வேண்டும்.

தொடங்கிய இடத்துக்கே வந்தால், எட்டி வான் ஹேலன் இரு கை விரல்களாலும் ஃப்ரெட்டில் தட்டி வாசிக்கும் டேப்பிங்கைக் கண்டுபிடித்தவர் அல்ல. ஜெனிசிஸ் குழுவின் ஸ்டீவ் ஹேக்கெட் 1971-லேயே வாசித்திருக்கிறார். இரண்டாம் தந்தியில் 5, 8, 12-ம் ஃப்ரெட்டுகளைச் சுழற்சியாகத் தொட்டால் இ மைனர் கார்டின் மூன்று ஸ்வரங்களும் வரும். 5-க்கும் 12-க்கும் இடையே 16 சென்டிமீட்டர். ஒரு கை எட்டாத தூரத்தை வலக்கை விரல் நிரப்புகிறது. இதைச் செய்வது ஒரு வாரப் பயிற்சிதான். தட்டிய விரலை எடுக்கும்போது நேரே தூக்காமல் சற்றே பக்கவாட்டில் சுண்ட வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஸ்வரம் செத்துவிடும். மற்ற ஐந்து தந்திகளும் உறுமாமல் அடக்க வேண்டும். மூன்று ஸ்வரமும் ஒரே பலத்தில், ஒரே இடைவெளியில் விழ வேண்டும். அவர் பெயர் நிற்பது இந்தக் கடைசி மூன்று வரிகளில்; 70-ம் இடம் எந்தக் கணக்கிலும் பொருந்தாது.

2023 ஜனவரியில் மறைந்த ஜெஃப் பெக்கைக் கேட்காமல் இந்த விவாதத்தை யாரும் தொடங்கவே கூடாது. மிதக்கும் பாலத்தில் ஸ்பிரிங்குகளின் இழுப்பும் தந்திகளின் இழுப்பும் சமநிலையில் நிற்கும். ஒரு தந்தியைப் பெண்ட் செய்தால் பாலம் முன்னே சாய்ந்து மற்ற ஐந்தும் சுருதி இறங்கும். அந்த நிலையற்ற பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஹார்மோனிக் ஒன்றை (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) ஒலிக்கவிட்டு, கம்பியின் அசைவாலேயே முழு மெட்டையும் வாசித்தார் அவர். ஃப்ரெட்டின் உதவி துளியும் இல்லை. சுருதி எங்கே இருக்கிறது என்பதைக் காது மட்டுமே சொல்லும். மேலே சொன்ன கடைசி மில்லிமீட்டர் அங்கே ஒவ்வொரு ஸ்வரத்திலும் வருகிறது.