ஈரக்காற்றும் தோசைக்கல்லும்

இரவு தோசை வார்த்து முடித்து, கல்லைக் கழுவி, துணியால் அழுத்தித் துடைத்து, அலமாரியில் சாத்தி வைக்கிறோம். காலையில் எடுத்தால் ஓரத்தில் வளையமாக ஆரஞ்சு நிறம். சிங்கப்பூரில் புதிதாக வார்ப்பிரும்புக் கல் வாங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே சொல்லும் குறை இது. “மதுரையில் அம்மா இப்படித்தானே வைப்பார், அங்கே துரு வந்ததில்லையே” என்பார்கள். கல்லில் கோளாறு இல்லை. காற்று வேறு.

இரும்பு துருப்பிடிக்க மழையில் நனைய வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் 60, 70 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்துவிடும். ஆக்சிஜன் அதில் கரைந்து இரும்பைத் தொட்டால் துருவின் வேலை தொடங்கிவிடும். சிங்கப்பூரில் மழையில்லாத நாளின் பிற்பகலில்தான் ஈரப்பதம் 60 வரை இறங்குகிறது. விடிவதற்குச் சற்று முன்பு அது 90ஐத் தாண்டி நிற்கும். அதாவது, இங்கே ஒரு நாளின் மிகக் காய்ந்த நேரம்கூட இரும்புக்கு எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது.

இத்துடன் உப்பும் சேர்கிறது. சமையல் உப்பு, ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரையும். அடுக்களையில் உப்புக் கிண்ணம் கசிவது இதனால்தான். மாவில் போட்ட உப்பு தோசையின் விளிம்பு காய்ந்த இடத்தில் மெல்லிய கோடாகத் தங்குகிறது. அரைகுறையாகக் கழுவினால், அந்தக் கோட்டில் இருக்கும் ஒவ்வொரு உப்புத்துகளும் நள்ளிரவுக்குள் ஓர் உப்புநீர்த் துளியாகிவிடும். துருப்பிடித்தல் என்பது இரும்பிலும் அதன் மேலுள்ள நீரிலும் மின்னோட்டம் ஓடி நடக்கும் வேலை. சாதாரண நீரைவிட உப்புநீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும் என்பதால் துருவும் விரைகிறது. காலையில் கண்ணில் படும் ஆரஞ்சு வளையம் முந்தைய நாள் தோசையின் விளிம்புதான்.

ஆகவே இந்த ஊரில் கல்லைக் காயவைக்கத் துணி போதாது, அடுப்புதான் வேண்டும். கழுவியதும் சிறுதீயில் மூன்று, நான்கு நிமிடம் வையுங்கள். நடுவில் மட்டுமல்ல, கைப்பிடி சேரும் இடத்திலும் ஈரம் போய்க் கல் தொட முடியாத சூட்டுக்கு வர வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை விடாமல் கடைப்பிடித்தால் மற்றப் பிழைகளைக் கல் பொறுத்துக்கொள்ளும்.

இனி, வாங்கும் கதை. சிராங்கூன் சாலையை ஒட்டிய பாத்திரக் கடைகளில் ‘இரும்புக் கல்’ என்று கேட்டால் இரண்டு வகையைக் காட்டுவார்கள். ஒன்று, உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றி எடுத்த வார்ப்பிரும்பு. மற்றது, தகட்டை வெட்டித் தட்டிய கல். இரண்டிலும் தோசை வரும், ஆனால் குணம் வேறு. வார்ப்பிரும்பில் கரியின் (கார்பனின்) அளவு ஏறக்குறைய 3 முதல் 4 விழுக்காடு. அந்தக் கரி, இரும்புக்குள் மெல்லிய கிராஃபைட் செதில்களாகப் படிந்திருக்கும். இத்தனை கரி சேர்வதால், தூய இரும்பு உருக 1,538 டிகிரி தேவைப்படும்போது இது 1,200 டிகிரிக்குள் உருகி அச்சில் எளிதாக ஓடுகிறது. ஆனால் அதே செதில்கள்தான் விரிசல் தொடங்கும் இடமும். தகட்டுக்கல் கீழே விழுந்தால் நெளியும், வார்ப்பிரும்பு உடையும்.

எது எது என்று கடையிலேயே கண்டுபிடிக்கத் தராசு போதும். 30 சென்டிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள வார்ப்பிரும்பு வட்டம் கைப்பிடி இல்லாமலே இரண்டரை கிலோ வரும். அதே அகலமுள்ள கல் ஒன்றேகால் கிலோதான் என்றால், அது தகடு அல்லது மிக மெல்லிய வார்ப்பு. மணல் அச்சின் சொரசொரப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், பழகப் பழக அது நிரம்பிவிடும். கடுகு உட்காரும் அளவுக்குக் குழி இருந்தால் மட்டும் வேண்டாம், அதில் மாவும் உப்பும் ஈரமும் தங்கும். நகத்தால் சுரண்டும்போது கருமை செதிலாக உரிந்தால் அது எண்ணெய் காய்ச்சிப் பழக்கிய கருமை அல்ல, மேலே அடித்த வண்ணம். அந்தக் கல்லை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். கடைசியாக, கண்ணாடி மேசை மேல் வைத்து விளிம்பை நான்கு பக்கமும் அழுத்திப் பாருங்கள். ஆடினால் கேஸ் அடுப்புக்குச் சமாளிக்கலாம், இன்டக்‌ஷனுக்கு உதவாது.

புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இன்டக்‌ஷன் வைத்திருப்பவர்கள் அகலத்தையும் யோசிக்க வேண்டும். பெரும்பாலான வீட்டு அடுப்புகளில் கம்பிச்சுருளின் குறுக்களவு 18 முதல் 20 சென்டிமீட்டர். அதன்மேல் 30 சென்டிமீட்டர் கல்லை வைத்தால் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் நேரடியாகச் சூடேறும். 2,000 வாட்டில் போட்டால் முதல் சில நொடிகளில் நடுப்பகுதி நொடிக்கு 4 டிகிரி வீதம் ஏறும், விளிம்போ அறையின் வெப்பத்திலேயே இருக்கும். நடு விரிய, விளிம்பு விரிய மறுக்க, இடையில் அகப்பட்ட கல் வளையும் அல்லது விண்டுபோகும். 25, 26 சென்டிமீட்டர் கல் எடுங்கள். முதல் ஐந்து நிமிடம் 500 வாட்டுக்கு மேல் போகாதீர்கள்.

வார்ப்பிரும்பு சூட்டை நன்றாகக் கடத்தும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறு. தூய அலுமினியத்தின் கடத்தும் திறனில் நான்கில் ஒரு பங்குகூட இதற்கு இல்லை. தீ படும் இடத்திலிருந்து விளிம்புக்கு 6 சென்டிமீட்டர் என்றால், சூடு அங்கே போய்ச் சேர ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆகும். அலுமினியத்தில் அது 40 நொடி. நடுவில் கருகி ஓரத்தில் வெளுத்த தோசைக்குக் காரணம் மாவு அல்ல, இந்த நான்கு நிமிடத்தைக் கொடுக்காததுதான். சிறுதீக்குச் சற்று மேலாக வைத்து எட்டு முதல் பத்து நிமிடம் காத்திருங்கள்.

இந்தக் கல்லின் பெருமை அதன் எடையில் இருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டதாக வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். 80 கிராம் மாவை அறை வெப்பத்திலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 20,000 ஜூல் வேண்டும். இரண்டரை கிலோ இரும்புக் கல் அதைக் கொடுத்துவிட்டு 17, 18 டிகிரிதான் இறங்கும். 600 கிராம் அலுமினிய நான்ஸ்டிக் தவா 37 டிகிரி இறங்கிவிடும். மாவு விழுந்த கணத்திலும் சூடு குலையாமல் நிற்பதால்தான் கல் தோசை அப்படி முறுகுகிறது.

தண்ணீர் தெளிப்பதன் சூட்சுமமும் இதே கணக்கில் இருக்கிறது. விரலில் தொட்டு ஒரு துளி விடுங்கள். துளி சும்மா கிடந்து மெல்லக் காய்ந்தால் கல் இன்னும் தயாராகவில்லை. ‘சொய்ங்’ என்று அடங்கி மறைந்தால் சரியான சூடு. உருண்டையாகி, பாதரசம்போல் கல் முழுதும் ஓடி விளையாடினால் சூடு 200 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ போய்விட்டது. துளிக்கு அடியில் உண்டாகும் நீராவி மெத்தைபோல் அதைத் தாங்குகிறது, துளி கல்லைத் தொடுவதே இல்லை. இந்தச் சூட்டில் மாவை ஊற்றினால், அடியிலுள்ள அரிசி மாச்சத்து உடனே வெந்து இறுகும். கரண்டியால் இழுக்கும்போது மாவு பரவாது, சுருண்டு கரண்டியோடு வந்துவிடும். அப்போது இரண்டு டீஸ்பூன் தண்ணீர் தெளித்தால், அது முழுதும் ஆவியாகும்போது கல் முழுவதையும் சராசரியாக 22 டிகிரி இறக்கும். மேல்பரப்பு சில நொடிகளுக்கு அதைவிடவும் குளிரும். அந்தச் சில நொடிதான் மாவை வட்டமாக இழுக்கக் கிடைக்கும் அவகாசம். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பதும் இதையே செய்கிறது, கூடவே எண்ணெயைத் துளியளவில் பரப்பி ஒட்டிய துணுக்கையும் கிளப்பிவிடுகிறது.

தெளிக்கலாம் என்பதற்காகச் சூடான கல்லைக் குழாயடியில் காட்டிவிடக் கூடாது. இரண்டு டீஸ்பூன் நீரைக் கல் தாங்கும். ஓடும் தண்ணீர் ஒரு பக்கத்தை மட்டும் சடாரென்று சுருக்கும், கிராஃபைட் செதிலின் முனையில் விரிசல் விழும்.

கல்லைப் பழக்குவது என்று நாம் சொல்வது உண்மையில் வேதியியல். எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. சூட்டில் ஆக்சிஜன் அவற்றைத் தாக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலைபோன்ற பலபடியாக இறுகுகின்றன. அந்தக் கறுத்த, வழுவழுப்பான தோல் எண்ணெய் அல்ல. சோப்பு போட்டாலும் கரையாத, இரும்பைப் பற்றிக்கொண்ட மெல்லிய பூச்சு அது. எந்த எண்ணெயில் எவ்வளவு இரட்டைப் பிணைப்பு இருக்கிறது என்பதை அயோடின் எண் காட்டும். தேங்காயெண்ணெய்க்கு அது 6 முதல் 11, பாமாயிலுக்கு 50ஐ ஒட்டி, நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120, சூரியகாந்தி எண்ணெய்க்கு 118 முதல் 141. தேங்காயெண்ணெய் தடவி எவ்வளவு காய்ச்சினாலும் தோல் சரியாகக் கட்டாததன் காரணம் இதில் தெரியும். ஆளிவிதை எண்ணெயின் எண் 170ஐத் தாண்டும். ஆனால் அதன் தோல் கண்ணாடிபோல் இறுகிப் பிறகு செதிலாக உரியக்கூடும். நல்லெண்ணெயோ சூரியகாந்தியோ போதும்.

செய்முறை: புதுக்கல்லில் அச்சு மணலும் கடையில் தடவிய எண்ணெயும் இருக்கும். வெந்நீர், பாத்திர சோப்பு, தேங்காய் நார் கொண்டு கருப்புத் தண்ணீர் வருவது நிற்கும்வரை தேயுங்கள். அடுப்பில் காயவையுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கியதும் அரை டீஸ்பூன் எண்ணெயை முன்பக்கம், பின்பக்கம், கைப்பிடி எங்கும் தடவுங்கள். பிறகு வேறொரு காய்ந்த துணியால், கல்லில் எண்ணெயே இல்லை என்று தோன்றும்வரை துடைத்தெடுங்கள். மிதமான தீயில் வைத்து, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கல்லைக் கால்வட்டம் நகர்த்தி, புகை எழுந்து அடங்கும்வரை காய்ச்சுங்கள். ஒரு சுற்றுக்குப் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். ஆறவைத்து மறுபடியும் தொடங்குங்கள். ஐந்து சுற்று நல்ல தொடக்கம். 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்பதால், சன்னலைத் திறந்து, அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டுத் தொடங்குங்கள்.

பெரும்பாலோர் தவறுவது ‘துடைத்தெடுங்கள்’ என்ற இடத்தில்தான். எண்ணெய் தடிமனாக இருந்தால் மேல்பக்கம் மட்டும் இறுகி, அடியில் ஆக்சிஜன் போகாமல் பிசுக்காகவே தங்கிவிடும். தொட்டால் விரலில் ஒட்டும் கல், எண்ணெய் போதாமல் அல்ல, கூடிப்போய் அப்படி ஆனது. எஃகு நாரால் பிசுக்கைத் தேய்த்தெடுத்துவிட்டு, மறுபடி மெல்லிதாகத் தடவிக் காய்ச்சுங்கள்.

ஊரில் புதுக்கல்லை மூன்று நாள் வடிகஞ்சியில் ஊறப்போடும் வழக்கம் அர்த்தமுள்ளது. புளித்த கஞ்சியில் இருக்கும் லாக்டிக் அமிலம் துருவையும் அழுக்கையும் இளக்குகிறது. ஆனால் கஞ்சி தோல் கட்டாது, அந்த வேலை எண்ணெய்க்குரியது. கல் முழுதாக மூழ்காவிட்டால் நீர்மட்டத்தில் அழுத்தமான துருக்கோடு விழும். வீவக அடுக்களையில் அத்தனை பெரிய பாத்திரத்துக்கு இடம் தேடுவதைவிட, சோப்பும் நாரும் சுலபம்.

தோல் நன்றாகக் கட்டும்வரை, முதல் இரண்டு மூன்று மாதம், புளியோ தக்காளியோ இதில் கொதிக்க வேண்டாம். அமிலம் தோலைத் தின்று இரும்பைக் குழம்பில் இறக்கும், குழம்பு கறுத்து உலோகச் சுவை தட்டும். மீன்தலைக் கறிக்கு மண்சட்டி அல்லது எவர்சில்வர் இருக்கட்டும். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு இந்தக் கசிவு சிறு உதவிதான். ஆனால் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்காக அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்பவரின் உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுந்திருக்கும். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் இரும்புப் பாத்திரம் பற்றி மருத்துவரிடம் கேட்ட பிறகே வாங்குங்கள்.

துரு வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டாம். மேலோட்டமான துருவுக்கு எஃகு நார் போதும். ஆழமாக இருந்தால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துத் தேயுங்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, துரு தீர்ந்ததும் அமிலம் நல்ல இரும்பைத் தின்னத் தொடங்கும். புளித்தண்ணீரும் இதே வேலையை இன்னும் மெதுவாகச் செய்யும். கழுவியதும் கல்லை உடனே அடுப்பில் ஏற்றுங்கள். தோலுரிந்த இரும்பு இந்த ஊர்க் காற்றில் சில நிமிடங்களிலேயே பழுப்பேறும்.

வைக்கும் இடமும் முக்கியம். கழுவுதொட்டிக்குக் கீழுள்ள அலமாரியும், ஈரத்துணி காயும் பின்கட்டும் வேண்டாம். சூடு ஆறியதும் நான்கு சொட்டு எண்ணெய் தேய்த்துத் துடைத்து, காற்றோட்டமான சுவரில் மாட்டினால் நல்லது. பரோட்டாக் கடைக்காரரின் கல்லுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. அது நாள் முழுவதும் சூடாக, எண்ணெயோடு இருக்கிறது. டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்களின் கல்தான் நான்கு வாரம் சும்மா கிடக்கும். கிளம்பும் முன் ஒருமுறை புகைய வைத்து, ஆறவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு மூன்றோடு தடித்த பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். ஒரு ஓரம்கூட வெதுவெதுப்பாக இருக்கும்போது கட்டிவிடாதீர்கள், உள்ளே வியர்த்துவிடும்.