ஒரு டன் கல்லில் ஐந்து கிலோ செம்பு

"செம்புச் சுரங்கப் பாறையில் அரை சதவீதம்தான் செம்பு என்கிறீர்கள். மீதியெல்லாம் வெறும் கல். அதற்காக ஒரு மலையையே தோண்டுவானேன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் சாதாரணப் பாறையில் டன்னுக்குச் சில பத்து கிராம் செம்புதான் தேறும். அரை சதவீதம் என்றால் டன்னுக்கு 5 கிலோ. எஃகுக்கு வலுவூட்டும் மாலிப்டினம் என்ற உலோகம் இன்னும் அரிது. சாதாரணப் பாறையில் டன்னுக்கு ஒரு கிராம் அளவில் கிடப்பது, இத்தகைய தாதுப் படிவுகளில் 100, 200 கிராம் என்று ஏறிவிடுகிறது. இவற்றுக்குப் போர்ஃபிரிப் படிவுகள் என்று பெயர். உலகச் செம்பில் ஏறக்குறைய முக்கால் பங்கும் மாலிப்டினத்தில் பாதியும் இவற்றிலிருந்துதான் வருகின்றன. சிலியின் சுக்கிகமாட்டா, எல் டெனியென்டே, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பிங்ஹாம் எல்லாம் இந்த இனம். பிங்ஹாமில் 1906 முதல் திறந்தவெளியில் தோண்டுகிறார்கள். குழியின் ஆழம் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

சரி, சில பத்து கிராமை ஐந்து கிலோவாக்கியது யார்? தண்ணீர்.

கடல் தட்டு கண்டத் தட்டுக்கு அடியில் சரிவதும், சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் அது தன் நீரை இழப்பதும், அந்த நீரால் மேலே உள்ள மூடகப் (மேன்டில்) பாறை உருகுவதும் பள்ளிப் பாடம். அப்படிப் பிறக்கும் பாறைக்குழம்பில் நீர் அதிகம், ஆக்சிஜனும் தாராளம். அதனால் கந்தகம் பெரும்பாலும் ஆக்சிஜனோடு சேர்ந்து சல்ஃபேட்டாகவே கரைந்திருக்கிறது. சல்ஃபைடாக இருந்திருந்தால் ஆழத்திலேயே செம்பைப் பிடித்துக்கொண்டு அடியில் தங்கியிருக்கும். மேலே சுரங்கமே இருந்திருக்காது.

குழம்பு 5 முதல் 15 கிலோமீட்டர் ஆழத்தில் தேங்கி மெல்ல ஆறுகிறது. முதலில் உறையும் ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் போன்ற கனிமங்களுக்குத் தண்ணீர் வேண்டாம். அவை வளர வளர, மிஞ்சிய குழம்பில் நீரின் பங்கு கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் தாங்காமல் தனியாகப் பிரிகிறது. 700 டிகிரிக்கு மேல் கொதிக்கும் உப்புக் கரைசல் அது. உப்பில் உள்ள குளோரின் செம்பைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. மாலிப்டினமும் கூடவே கிளம்புகிறது.

இந்தத் திரவம் மேலே விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் உச்சியில் சேர்ந்து அழுத்தம் ஏற்றுகிறது. தாங்கமுடியாதபோது பாறை வெடிக்கிறது, திரவம் பாய்கிறது, அழுத்தம் இறங்குகிறது. பிறகு குவார்ட்ஸ் படிந்து விரிசலை அடைக்க, மறுபடி அழுத்தம் ஏறுகிறது. குக்கர் விசில் அடித்து அடங்கி மறுபடி அடிப்பதுபோலத்தான். கைப்பிடி அளவுக் கல் ஒன்றை அறுத்துப் பார்த்தால் போதும், வெள்ளைக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும். வெட்டிய கோடு இளையது, வெட்டுப்பட்டது மூத்தது. பிங்ஹாமில் செம்புக் கோடுகளை மாலிப்டினைட் (மாலிப்டினத்தின் தாது) கோடுகள் வெட்டுகின்றன. அங்கே செம்பு முன்னால் வந்தது, மாலிப்டினம் பின்னால்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். கரைசலில் கந்தகம் பெரும்பாலும் கந்தக டை ஆக்சைடாக வருகிறது. அந்த வடிவில் கந்தகத்தால் செம்பைப் பிடிக்க முடியாது. வெப்பம் 400 டிகிரியை நெருங்கியதும் அது நீரோடு வினைபுரிந்து தன்னையே இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது: நான்கு மூலக்கூறுகளில் மூன்று கந்தக அமிலமாகின்றன, ஒன்று ஹைட்ரஜன் சல்பைடாகிறது. அமிலத்தின் சல்ஃபேட் கால்சியத்தோடு சேர்ந்து அன்ஹைட்ரைட் என்ற கனிமமாகிறது. ஹைட்ரஜன் சல்பைடோ செம்பையும் இரும்பையும் பிடித்துச் சால்கோபைரைட் என்ற பொன்னிறச் செம்புத் தாதுவாகப் படியவைக்கிறது. செம்பு குளோரைடு கரையும் திறனும் ஏறக்குறைய இதே வெப்பநிலையில்தான் சடாரென்று விழுகிறது. பிடிக்கும் கையும் நழுவும் பிடியும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். அதனால்தான் உலோகம் கிலோமீட்டர் கணக்கில் சிதறிப்போகாமல் ஒரு கூடுபோல ஓரிடத்தில் சேர்கிறது.

இதெல்லாம் ஊகமில்லையா என்று கேட்கலாம். கரைசலே சாட்சி சொல்கிறது. குவார்ட்ஸைக் கண்ணாடிபோல மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், அந்தக் கரைசல் சிறைபட்ட, தலைமுடியின் தடிமன்கூட இல்லாத குழிகள் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு குமிழி, ஓர் உப்புக் கனசதுரம், சிலவற்றில் முக்கோணமாகக் கறுப்பாக ஒரு துணுக்கு. அந்தத் துணுக்குதான் சால்கோபைரைட். சூடேற்றிக்கொண்டே போனால் குமிழி மறையும் வெப்பநிலை, குழி அடைபட்டபோது இருந்த வெப்பத்துக்கு ஒரு கீழ்வரம்பு. ஆங்கிலேய நிலவியலாளர் ஹென்றி சோர்பி இந்த வழியை 1858-லேயே சொல்லிவிட்டார்.

கரைசல் போகிற வழியெல்லாம் பாறையையும் மாற்றிவிடுகிறது. நடுவே பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரும் பழுப்பு மைக்காவும், அதைச் சுற்றி வெளிறிய மைக்காவும் பைரைட்டும், வெளியே குளோரைட், எபிடோட் என்ற பச்சைக் கனிமங்களும். அரிசோனாவின் சான் மானுவல் சுரங்கத்தில் நிலவியலாளர் டேவிட் லோவெல் இந்த வளையங்களைப் படித்தபோது, பாதி வளையத்தைக் காணோம். படிவு சாய்ந்து, பிளவுப் பெயர்ச்சியில் இரண்டாக வெட்டுப்பட்டிருக்கிறது என்று கணித்துத் துளையிட்டார். 1965-ல் மறுபாதி கிடைத்தது. அதுதான் கலமசூ படிவு.

வயதைச் சொல்வது மாலிப்டினைட்டின் வேலை. அது பிறக்கும்போது ரீனியம் என்ற உலோகத்தை ஏற்றுக்கொள்கிறது, ஆஸ்மியம் என்ற உலோகத்தை அநேகமாக ஏற்பதில்லை. ஆகவே இன்று உள்ளே இருக்கும் ஆஸ்மியம் ஏறக்குறைய முழுவதும் கதிரியக்கமுள்ள ரீனியம்-187 சிதைந்து வந்ததே. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 4,200 கோடி ஆண்டு. இப்படிக் கணக்கிட்டால் எல் டெனியென்டே ஐம்பது லட்சம் ஆண்டு அளவில்தான் நிற்கிறது, பிங்ஹாம் மூன்றரைக் கோடியைத் தாண்டுகிறது. பெரும்பாலான போர்ஃபிரிகள் இப்படி இளையவைதான். சில கிலோமீட்டர் ஆழத்தில் பிறப்பதால், மலை அரிக்க அரிக்க முதலில் வெளியே தெரிகின்றன, அப்புறம் அதே அரிப்பில் கரைந்தும் போகின்றன.