கொல்லைப்புறமாக வரும் அம்மோனியா

"அவுட்லெட்டில் அம்மோனியா இறங்கவே மாட்டேங்குது சார்" என்று கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து யாராவது கூப்பிட்டால், நான் முதலில் கேட்பது இதுதான்: ஸ்லட்ஜை, அதாவது கசடைச் சுழற்றிப் பிழியும் சென்ட்ரிஃபியூஜை எத்தனை மணிக்கு ஓட்டுகிறீர்கள்? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பார்கள்.

ஒரு நிலையத்தில் காலையில் மட்டும் அம்மோனியா ஏறும், இரவில் தானாக இறங்கிவிடும். காற்று போதவில்லை என்று நினைத்து, தொட்டிக்குக் காற்றூதும் ப்ளோயர் இன்னொன்று வாங்க ஃபைல் தயாராக இருந்தது. போய்ப் பார்த்தால், காலை ஷிப்ட் வந்ததும் சென்ட்ரிஃபியூஜைப் போடுகிறார்கள். பிழிந்த தண்ணீர் நேராக இன்லெட்டுக்குத் திரும்புகிறது. ஊரே குளித்துத் துவைத்த தண்ணீர் வந்து சேருவதும் அதே நேரத்தில்தான். அந்தத் திரும்புகுழாயில் யாரும் ஒருநாளும் சாம்பிள் எடுத்ததில்லை.

பிழிவதற்கு முன் கசடு, டைஜஸ்டர் என்ற காற்றுப் புகாத தொட்டியில் மக்கும்போது, அதிலுள்ள புரதத்தின் நைட்ரஜன் அம்மோனியாவாகி நீரில் கரைந்துவிடும். வீட்டுக் கழிவுநீரில் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் என்றால், பிழிந்த நீரில் 500 முதல் 1,500 வரை இருக்கும். மொத்த நீரோட்டத்தில் இது ஏறக்குறைய 1 சதவீதம்தான். நைட்ரஜன் சுமையிலோ 15 முதல் 20 சதவீதம். பார்ப்பதற்குச் சின்ன குழாய் என்பதால்தான் ஏமாந்துபோகிறோம்.

வழக்கமான முறையில் 1 கிலோ அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அப்புறம் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கக் கரிமப்பொருள் வேண்டும். டைஜஸ்டர் அதையெல்லாம் முன்பே மீத்தேனாக்கிவிட்டதால், மெத்தனால் போன்ற ஒன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

இதற்குக் குறுக்குவழி அனமாக்ஸ் பாக்டீரியா. அம்மோனியாவில் பாதியை நைட்ரைட் வரை மட்டும் கொண்டுபோனால் போதும். மீதிப் பாதியை அனமாக்ஸ் அந்த நைட்ரைட்டோடு சேர்த்து நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய 60 சதவீதம் குறையும், மெத்தனாலும் வேண்டாம். இன்னொரு அழகு உண்டு: இந்த நீரில் இயல்பாக உள்ள பைகார்பனேட், சுமார் பாதி அம்மோனியாவை ஆக்சிஜனேற்றவே போதும். பாதியோடு நில் என்று தண்ணீரே சொல்வதுபோல!

இப்படியொரு வினை நடக்கக்கூடும் என்று ஆஸ்திரியாவின் எங்கெல்பெர்ட் பிரோடா 1977-இலேயே கணக்குப் போட்டுச் சொன்னார். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், ஈஸ்ட் தொழிற்சாலைக் கழிவுநீரில் ஆர்னால்ட் முல்டர் குழு அதை நேரில் கண்டது. முதல் முழு அளவுத் தொட்டி, 70 கன மீட்டர், ராட்டர்டாமின் டோக்ஹாவன் நிலையத்தில் 2002-இல் தொடங்கப்பட்டது. அது முழு வேகத்துக்கு வர மூன்றரை ஆண்டுகள் ஆயின. தயிருக்கு உறை வாங்கப் பக்கத்து வீடே இல்லாத நிலை அது. இந்தப் பாக்டீரியா இரட்டிப்பாகவே பத்து நாளுக்கு மேல் ஆகும். பிறகு வந்த நிலையங்கள், ஓடும் தொட்டியிலிருந்து அனமாக்ஸ் நிறைந்த செந்நிறக் கசடை எடுத்து விதையாகப் போட்டுச் சீக்கிரமே தொடங்கின.

அதற்காக எல்லோரும் நாளைக்கே இதைக் கட்டுங்கள் என்று சொல்ல மாட்டேன். காற்று கொஞ்சம் கூடினாலும் நைட்ரேட் ஆக்கும் கூட்டம் புகுந்துவிடும். நைட்ரைட் தேங்கினால் அனமாக்ஸுக்கே ஆபத்து. சென்சாரைத் துடைத்து அளவு சரிபார்க்க ஆள் இல்லாத இடத்தில் இது ஓடாது.

அந்தக் காலை அம்மோனியா நிலையத்தில் நாங்கள் செய்தது எளிய வேலை. சும்மா கிடந்த பழைய தொட்டியில் பிழிந்த நீரைத் தேக்கி, இரவில் வரத்து குறையும்போது கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். காலை உச்சம் மட்டுப்பட்டது. ப்ளோயர் ஃபைல் நின்றது. வால்வு திறப்பது கூடுதல் வேலை என்று நைட் ஷிப்ட் ஆபரேட்டர் மட்டும் இன்னும் முணுமுணுக்கிறார்.