சிம்பயாசிஸ்: கூட்டுவாழ்வு என்னும் சொல்லும் அதன் எல்லையும்

சிம்பயாசிஸ் என்னும் உயிரியல் கலைச்சொல்லுக்குத் தமிழில் கூட்டுயிர் வாழ்க்கை, கூட்டுவாழ்வு, இணைவாழ்வு, ஒன்றியவாழ்வு எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. இவற்றுள் ஒன்றியவாழ்வு இலங்கைப் பாடநூல் வழக்கு. கூட்டுயிர் வாழ்க்கை தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பழகியது. பெயர்கள் பலவாக இருப்பதில் பெரிய குறை இல்லை. இவை அனைத்தையும் ‘ஒன்றுக்கொன்று உதவி வாழ்தல்’ என்ற ஒரே பொருளில் விளக்கிவிடுவதுதான் குறை, ஏனெனில் மூலச்சொல்லில் உதவி என்னும் கருத்தே கிடையாது.

கிரேக்கத்தில் ‘சின்’ என்பது உடன், ‘பயோஸ்’ என்பது வாழ்வு. உடன்வாழ்தல் என்பதே நேர்ப்பொருள். மனிதர் சேர்ந்து வாழ்வதைக் குறிக்கவே கிரேக்கர் அதனை ஆண்டனர். உயிரியலுக்குள் இச்சொல் நுழைந்த வழி கல்லிலும் மரப்பட்டையிலும் படரும் லைக்கன் ஆகும். லைக்கன் ஒரே உயிரி அன்று, பூஞ்சையும் பாசியும் சேர்ந்த ஒன்று என்று சைமன் ஸ்வெண்டெனர் 1860களில் கூறியபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. 1877இல் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் இந்தச் சேர்க்கையைக் குறிக்க இச்சொல்லின் ஒரு வடிவத்தைப் பயன்படுத்தினார். மறு ஆண்டு காசல் நகரில் நடந்த இயற்கையறிஞர் கூட்டத்தில் ஜெர்மானியத் தாவரவியலார் ஆன்டன் டி பாரி, வெவ்வேறு பெயர் கொண்ட, அதாவது வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த, உயிரிகள் சேர்ந்து வாழ்வதே சிம்பயாசிஸ் என்று விளக்கம் தந்தார். அவ்வுரை 1879இல் அச்சேறியது. நம் உழவர்கள் வயலிலும் மாட்டுத் தீவனத் தொட்டியிலும் வளர்க்கும் அசோலாவும், அதன் இலைக்குழியில் குடியிருக்கும் நீலப்பசும்பாசியும் அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. ஒட்டுண்ணி வாழ்வையும் அவர் இதே குடைக்குள் வைத்தார் என்பது பாடநூல்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் செய்தி.

இந்த விடுபாடு இராமநாதபுரம் கரையில் நன்றாகவே உறைக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. உலகப் பவளப்பாறைக் கருத்தரங்கு வரிசையில் முதலாவது கருத்தரங்கு 1969இல் மண்டபம் முகாமில்தான் கூடியது. அத்தனை ஆராய்ச்சி நடந்த ஊரில், கண்ணாடித் தளம் வைத்த படகிலிருந்து பவளத்தைக் காணும் பள்ளி மாணவருக்கு அது கல்லா, செடியா, விலங்கா என்பதைத் தமிழில் ஐயமறச் சொல்ல இன்னும் தடுமாறுகிறோம். பவளம் விலங்கு. அதன் திசுவுக்குள், ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் என்னும் அளவில், ஒற்றைச் செல் பாசி வாழ்கிறது. அப்பாசிக்கு 1881இல் கார்ல் பிரான்ட் இட்ட பெயர் சூசாந்தெல்லா. சாந்தோஸ் என்றால் மஞ்சள். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் கைக்கு அகப்படுபவை. இதுவோ நுண்ணோக்கிக்கு மட்டுமே அகப்படுவது. பகலில் பாசி ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் உணவின் பெரும்பகுதி பவளத்துக்குச் செல்கிறது. பவளம் வெளிவிடும் கரியமில வாயுவும் நைட்ரஜன் கழிவும் பாசிக்குப் பயன்படுகின்றன. மான்கொம்புப் பவளத்தின் கிளையை உற்றுப் பார்த்தால் உடல் பழுப்பாகவும் நுனி மட்டும் வெளிறியும் தெரியும். அது நோயன்று, விரைந்து வளரும் நுனியில் பாசி இன்னும் போதிய அளவு குடியேறவில்லை என்பதன் அடையாளம்.

வழக்கமான கோடை உச்சத்தைவிட நீரின் வெப்பம் ஒரு டிகிரி அளவு கூடிச் சில வாரங்கள் நீடித்தால் இந்த ஏற்பாடு குலைகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் பெருமளவில் வெளுத்ததற்கு இதுவே காரணம். வெப்பத்தில் பாசியின் ஒளிச்சேர்க்கை பழுதுபட்டு நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் சேர்மங்கள் பெருக, பவளம் பாசியை இழக்கிறது. கண்ணாடி போன்ற சதைவழியே வெள்ளைச் சுண்ணக்கூடு தெரிகிறது. வெளுப்பதற்கு முன்பே பாசி தான் ஆக்கியதைத் தனக்கே மிகுதியாக வைத்துக்கொள்ளத் தொடங்குவதாகவும் ஆய்வுகள் காட்டியுள்ளன. அதாவது சித்திரை வைகாசி வெயிலில் அதே இரண்டு உயிரிகள் உதவி என்ற நிலையிலிருந்து ஒட்டுண்ணி என்ற நிலையை நோக்கி நகர்கின்றன. உறவுக்கு ‘பரஸ்பர உதவி’ என்றே பெயர் சூட்டியிருந்தால் இந்த நகர்வைச் சொல்ல மொழியில் இடமிராது.

உட்பிரிவுகளின் பெயர்களைப் பெரும்பாலும் நிலைநாட்டியவர் பெல்ஜிய விலங்கியலார் பெனடன். 1875இல் வெளிவந்த அவருடைய நூல் ஒட்டுண்ணிகளையும் உடனுண்ணிகளையும் பிரித்துக் காட்டியது. இருதரப்புக்கும் நன்மை விளைவது மியூச்சுவலிசம்; ஒரு தரப்புக்கு நன்மை, மறுதரப்புக்கு ஏதுமில்லை என்றால் அது கமென்சலிசம். இதன் வேரான ‘மென்சா’ லத்தீனில் உணவு மேசை. இலங்கைத் தமிழர் இதனை ‘ஓரட்டிலுண்ணல்’ என்றனர். அட்டில் சமையலறை ஆதலால் ஒரே அடுக்களையில் உண்பது என்று பொருள். இவ்வளவு அழகான ஆக்கத்தை இக்கரையில் நாம் எடுத்தாளாதது நம் சோம்பல் என்றே சொல்ல வேண்டும். ஒட்டுண்ணிக்கு விளக்கம் தேவையில்லை: மீன் ஆய்பவர் செவுள்மூடியைத் தூக்கும்போது சில மீன்களில் உள்ளே வெளிறிய, பல கால்கள் கொண்ட பூச்சி கவ்விக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பர், அது நண்டு, இறால் இனத்தின் உறவு, மீனின் இரத்தத்தை உறிஞ்சி வாழ்வது. அதே வலையில் வரும் துறவி நண்டின் சங்கோட்டின்மேல் கடற்சாமந்தி என்னும் விலங்கு பாகு உருண்டைபோல் சுருங்கி ஒட்டியிருக்கும். அதனால் நண்டுக்குக் காவல், சாமந்திக்கு நண்டு சிந்தும் இரை. சில பாடங்கள் இதனை ஒருபக்க நன்மை என்றும் சில இருபக்க நன்மை என்றும் எழுதுகின்றன. சாமந்தியைச் சுமப்பதால் நண்டுக்குச் சங்கு பாரமாகும் செலவையும் கணக்கில் எடுத்தால் இரண்டுமே அவசரத் தீர்ப்புகள்.

ஆகவே பொதுச்சொல் நடுநிலையாக இருக்க வேண்டும். ‘இணை’ என்பது இருவரையே நினைவூட்டும். ஒரு பவளத்திலோ பாசியைத் தவிர எண்ணற்ற நுண்ணுயிரிகளும் குடியிருக்கின்றன. ‘கூட்டு’ அந்தத் தொகையைத் தாங்கும். அதோடு, கரைவலை இழுப்போர் கூட்டாகச் சேர்ந்தாலும் வலைக்காரருக்கும் இழுப்பவருக்கும் பங்கு ஒன்றாக இருப்பதில்லை என்பதுபோல, கூட்டு எனில் சமபங்கு என்று தமிழ்க் காது எடுத்துக்கொள்வதும் இல்லை. எனவே சிம்பயாசிஸுக்குக் கூட்டுவாழ்வு, மியூச்சுவலிசத்துக்கு இருபயன் கூட்டுவாழ்வு, கமென்சலிசத்துக்கு ஓரட்டிலுண்ணல், பாரசிட்டிசத்துக்கு ஒட்டுண்ணி வாழ்வு என்று ஆள்வதே பொருத்தம் என்பது என் துணிபு. ‘கூட்டுயிர் வாழ்க்கை’யும் பிழையன்று, நீளம்தான்.

இடம் தரும் உயிரிக்குப் பாடநூல் தரும் ஓம்புயிரி என்னும் சொல்லை அப்படியே கொள்ளலாம். பழைய நூல்களில் வரும் ‘விருந்து வழங்கி’யோ அழையாமல் வந்த பூச்சிக்கும் மீனே விருந்து வைத்ததாக ஆக்கிவிடும். உள்ளே குடியிருப்பது கூட்டுயிரி. வெளுத்த பவளத்தைப் பற்றி எழுதும்போது ‘பவளம் செத்தது’ என்னாமல் ‘கூட்டுயிரியை இழந்தது’ என்று எழுதுவதே சரி, ஏனெனில் வெப்பம் விரைவில் தணிந்தால் எஞ்சிய பாசி பெருகிப் பவளம் மீண்டும் பழுப்பேறுவதுண்டு.