விழுந்த டைல்ஸின் முதுகைப் பாருங்கள்

"இரண்டே இரண்டு டைல்ஸ்தான் சார். ஒயிட் சிமெண்ட் குழைத்து ஒட்டிவிட்டால் முடிந்தது." வீடு பழுதுபார்க்கும் வேலையில் நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டிலும் இதையே சொன்னார்கள். ஷவர் குழாய்க்குக் கீழே டைல்ஸ் விழுந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த இடத்தில் பாலித்தீன் உறையை விரித்து, சுற்றிலும் பிரவுன் டேப் ஒட்டிவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் குளியலறைக்குள் போவதற்கு முன் மறுபக்கப் படுக்கையறையில் பீரோவை நகர்த்தச் சொன்னேன். இடுப்பளவு உயரம் வரை பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. "இரண்டு தடவை பெயின்ட் அடித்தோம், நிற்கவே இல்லை" என்றார் அந்த வீட்டு அம்மா. எப்படி நிற்கும்? அந்தப் பக்கம் தினமும் நான்கு பேர் சுவருக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

டைல்ஸ் தானாக விழுவதில்லை. ஏன் விழுந்தது என்பது அதன் முதுகில் எழுதியிருக்கும். திருப்பிப் பாருங்கள். முதுகு கடையில் வாங்கியதுபோல் சுத்தமாக இருந்தால், சிமெண்ட் அதைப் பிடிக்கவே இல்லை என்று பொருள். சாதாரண செராமிக் டைல்ஸை ஊறவைக்காமல் சிமெண்டில் பதித்தால், அது கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். அதன் முதுகில் வெறும் சிமெண்ட் பால் சரியாகப் பிடிக்காது. இரண்டாவது வகை, நான்கு மூலையிலும் நடுவிலும் இட்லி போல ஐந்து உருண்டை, மற்ற இடமெல்லாம் காலி. வேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்று செய்வது இது. அந்தக் காலி இடத்தில்தான் தண்ணீர் தேங்கும். மூன்றாவது வகைதான் மோசம். சுவர்ப்பூச்சே டைல்ஸோடு பெயர்ந்து வந்திருக்கும். மிச்சமிருப்பதைச் சாவியால் கீறினால் மணலாகக் கொட்டும்.

மடிப்பாக்கத்தில் முதுகில் ஐந்து உருண்டை, பின்னால் மணல். சுற்றியிருந்த டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். இன்னும் நான்கு 'டொப் டொப்' என்று பொள்ளலாகச் சத்தம் போட்டன. இரண்டு என்று ஆரம்பித்த வேலை ஆறாகிவிட்டது. அந்த அம்மாவுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

உடனே ஒட்டிவிடக் கூடாது. அந்தக் குளியலறையை நான்கைந்து நாள் பயன்படுத்தாமல் விடுங்கள். சுவர் காயத் தொடங்கினால், தண்ணீர் டைல்ஸ் இடுக்கு வழியாகப் போயிருக்கிறது. அப்படியே ஈரமாக இருந்தால் சுவருக்குள் போகும் குழாயைச் சந்தேகப்படுங்கள். பிளம்பரை அழைத்து அழுத்தச் சோதனை செய்த பிறகே மற்ற வேலை. இன்னொன்று: ஈரச் சுவரில் கீசர் பாயின்ட் இருந்தால், உளியை எடுக்கும் முன் மெயினை அணைத்துவிடுங்கள். கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். உடைந்த டைல்ஸ் விளிம்பு பிளேடு மாதிரி.

இங்கே இடுக்கு வழியாகத்தான் போயிருந்தது. காரணம் கேட்டபோது வாரம் ஒருமுறை ஆசிட் ஊற்றிக் கழுவுவதாகச் சொன்னார்கள். ஆசிட் உப்புக்கறையோடு இடுக்கில் இருக்கும் சிமெண்டையும் சேர்த்தே தின்னும். பளபளப்பாகத் தெரிவது டைல்ஸ். கரைந்து போவது கிரவுட், அதாவது இடுக்கை அடைக்கும் கலவை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

பழைய கலவையை முழுவதும் கொத்தி எடுத்து, உதிரும் பூச்சை நீக்கிப் புதிதாகப் பூசினோம். அது இறுகிக் காய்ந்ததும் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை, ஒன்று குறுக்காக, அடுத்தது நெடுக்காக. பிறகு டைல்ஸ் பசையைப் பல் வைத்த கரணையால் சுவரில் இழுத்து, டைல்ஸின் முதுகிலும் மெல்லத் தடவி அழுத்தினோம். பசைக்கு டைல்ஸை ஊறவைக்கத் தேவையில்லை. ஒரு நாள் கழித்து கிரவுட். இந்த வீட்டுக்கு ஆசிட்டை ஓரளவு தாங்கும் எபாக்ஸி கிரவுட் போடச் சொன்னேன். விலை கூடுதல், ஆனால் ஆசிட் பழக்கம் ஒரே நாளில் விடாது. சுவரும் தரையும் சேரும் மூலையிலும் குழாயைச் சுற்றியும் கிரவுட் கூடாது, விரிசல் விடும். அங்கே வளைந்துகொடுக்கும் சிலிக்கோன் பசை.

பொருத்தமான டைல்ஸுக்குத்தான் அலைந்தோம். பத்து வருடத்துக்கு முந்தைய வடிவம், இப்போது கடையில் கிடைக்காது. பொள்ளலாக இருந்த நான்கையும் உடையாமல் எடுத்துவிட்டோம். விழுந்த இரண்டில் ஒன்று முழுதாகக் கிடைத்தது. ஆறாவதுக்குப் பரணெல்லாம் தேடிவிட்டு, வேறு நிறத்தில் வாங்கலாம் என்று முடிவு செய்தபோது, அந்த அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டார். அரிசி டிரம்முக்கு அடியில் ஒன்று இருந்தது. முகத்தில் இரண்டு கீறல். வாளி வைக்கும் இடத்துக்குப் பின்னால் பதித்துவிட்டோம்.