ஆஸ்டியோகால்சின்: சொல் விளக்கம்

ஆஸ்டியோகால்சின் எலும்பில் உள்ள ஒரு புரதம். கிரேக்கத்தில் 'ஆஸ்டியோன்' என்றால் எலும்பு. லத்தீனில் 'கால்க்ஸ்' என்றால் சுண்ணாம்பு. கால்சியத்தின் பெயர் வந்ததும் அதிலிருந்துதான். கடைசியில் உள்ள 'இன்' புரதங்களின் பெயரில் வழக்கமாக வரும் விகுதி. கிளிஞ்சல் சுண்ணாம்பு பார்த்துப் பழகிய இராமநாதபுரம் கரைக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். கிளிஞ்சலிலும் எலும்பிலும் இருப்பது ஒரே கால்சியம்.

1970களில் இந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தபோது, எலும்பில் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்வது என்றுதான் அறிந்தார்கள். பெயரும் அதற்கேற்ப அமைந்தது. எலும்பைக் கட்டும் செல்கள் இதைச் சுரக்கின்றன. மனித உடலில் 49 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். வைட்டமின் கே உதவியால் கார்பாக்சில் தொகுதிகள் என்ற சிறு அணுக்கூட்டங்கள் அதில் சேர்ந்தால் எலும்பை இறுகப் பற்றும். அவை குறைந்த வடிவத்துக்குப் பிடிப்பு தளர்வு, ரத்தத்தில் கலந்து ஹார்மோனாக வேலை செய்வதாகச் சொல்லப்படுவது அதுதான்.

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ கரைவலை இழுத்து ஓய்ந்த ஒரு பெரியவர் "எலும்பு தேஞ்சுபோச்சு, வலு இல்லப்பா" என்பார். எலும்பையும் தசை வலுவையும் ஒரே மூச்சில் சொல்லும் பேச்சு இது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜெரார்ட் கார்சென்டி குழு 2016இல் சுண்டெலிகளில் இந்தத் தொடர்பைக் காட்டியது. உடற்பயிற்சியின்போது ரத்தத்தில் ஆஸ்டியோகால்சின் கூடுகிறது. தசை இழைகள் குளுக்கோஸையும் கொழுப்பு அமிலங்களையும் உள்ளிழுத்து எரிக்க அது துணைசெய்கிறது. பதிலுக்குத் தசை இன்டர்லூக்கின்-6 என்ற சேதிப் புரதத்தைச் சுரந்து, எலும்பிலிருந்து இன்னும் கொஞ்சம் வரவழைக்கிறது.

ஆனால் 2020இல் இந்தப் புரதத்துக்கான மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை வைத்து வேறு குழுக்கள் செய்த ஆய்வுகளில், முன்பு அறிவிக்கப்பட்ட ஹார்மோன் விளைவுகள் பல தென்படவில்லை. ஆகவே ஆஸ்டியோகால்சினைக் காரணம் காட்டி விற்கும் மாத்திரை எதையும் நம்பி வாங்க வேண்டாம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'எலும்புச் சுண்ணப் புரதம்' நேர்ச்சொல். 'என்பு' என்ற பழைய வடிவம் குறளிலேயே உண்டு என்றாலும், இன்றைய வாசகருக்கு 'எலும்பு'தான் சட்டென்று விளங்கும். தசைக்குச் சேதி கொண்டுபோகும் வேலையைப் பேசும்போது 'எலும்பு இயக்குநீர்' பொருந்தும். ஹார்மோனுக்கு இயக்குநீர் என்பது ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பற்றி எழுதினால் மட்டும் ஆஸ்டியோகால்சின் என்றே எழுதுங்கள், அங்கே அந்தப் பெயர்தான் அச்சாகியிருக்கும்.